காவேரிப்பட்டணத்து ஜவுளிக்கடை அலமாரி

பழைய மரச்சாமான் விற்பவர்கள் எதைக் காட்டினாலும் அதற்கு நூற்றைம்பது வயது என்றுதான் சொல்வார்கள். தருமபுரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது நிற்கும் கண்ணாடி அலமாரிக்கும் அதே வயதுதான் சொல்லப்பட்டது. ஆறடி உயரம், நாலடி அகலம், மேலே இரண்டு கண்ணாடிக் கதவுகள், கீழே மூன்று இழுப்பறைகள், நெற்றியில் நீளவாக்கில் ஒரு கண்ணாடிப் பட்டை. கிருஷ்ணகிரிப் பக்கம் இடித்த வீடுகளின் நிலை, கதவு, உத்தரம் ஆகியவற்றை வாங்கி விற்கும் கடை ஒன்றின் பின்கட்டில், தலை முதல் கால் வரை அடர்பச்சை எனாமல் பூசப்பட்டு, பெயின்ட் டப்பாக்களைச் சுமந்துகொண்டு அது கிடந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தவர்கள் பலர் எப்படிச் சீர்செய்தீர்கள் என்று கேட்டதால், விவரமாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. பழைய பொருளில் நாம் செய்யும் எந்த வேலையும், நமக்குப் பின்னால் அதைக் கையில் எடுப்பவர் சேதமின்றிப் பிரித்தெடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. பசை, ஆணி, பூச்சு, கண்ணாடி என்று ஒவ்வொன்றையும் அந்த ஒரு கேள்வியை வைத்தே தீர்மானித்தேன்.

முதலில் வயது. நெற்றிக் கண்ணாடியின் மேலும் பச்சை வண்ணத்தை அப்பியிருந்தார்கள். அதைச் சவர பிளேடால் மெல்லச் சுரண்டியபோது, கண்ணாடியின் பின்புறத்தில் சிவப்பு எழுத்துகளும் அவற்றுக்கு மஞ்சள் நிழலும் தெரிந்தன. கடைப்பலகை எழுதும் ஓவியர்கள் கண்ணாடியின் முதுகில் எழுத்துகளை இடவலம் மாற்றி எழுதுவார்கள். முன்னால் நிற்பவருக்கு அவை நேராகத் தெரியும், கைபட்டோ துடைத்தோ அழியாது. பின்னால் எழுதியிருந்த காரணத்தால்தான் முன்பக்க வண்ணத்தைச் சுரண்டியும் எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கடையின் பெயர் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தது. "ஜவுளிக்கடை, காவேரிப்பட்டணம், சேலம் ஜில்லா" என்ற வரி மட்டும் முழுதாக இருந்தது. தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2 அன்று. காவேரிப்பட்டணத்தை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டம் தருமபுரியிலிருந்து பிரிந்தது 2004 பிப்ரவரி 9 அன்று. பிரிந்த பின்னும் பழைய பழக்கத்தில் சிலர் சேலம் ஜில்லா என்றே எழுதியிருக்கக்கூடும் என்பதால் இதை மட்டும் நம்ப முடியாது. ஆனால் நடு இழுப்பறையின் உட்பக்கப் பலகையில் பென்சிலால் "2-4-0", "1-14-0" என்று வரிசையாக எழுதியிருந்தது. ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டமாக எழுதும் பழைய கணக்கு அது. ரூபாய்க்குப் பதினாறு அணா என்ற முறை போய், நூறு நயா பைசா என்ற தசம முறை வந்தது 1957 ஏப்ரல் 1 முதல். ஆகவே அலமாரி அதற்கு முந்தியது என்று துணிந்து சொல்லலாம்.

கண்ணாடியும் ஒத்துப்போகிறது. பக்கவாட்டில் நின்று பார்த்தால், எதிர்ச்சுவரின் கோடு கண்ணாடிக்குள் லேசாக நெளிகிறது. உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டுச் சமதளமாக எடுக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959-இல்தான் அறிவித்தது. அதற்கு முன் தகடாக இழுத்தெடுத்த கண்ணாடிகளில் இந்த நெளிவு இருக்கும். பழைய கண்ணாடி காலப்போக்கில் கீழ்நோக்கி வழிந்து அடியில் தடித்துவிடும் என்று ஒரு கதை உலவுகிறது. அதில் உண்மையில்லை, அந்த ஏற்றத்தாழ்வு செய்யும்போதே வந்தது. திருகாணிகளில் ஒரு கீலில் இருந்தவை தவிர மற்றவை எல்லாம் தலையில் ஒற்றைக் கோடு போட்டவை. நட்சத்திரத் தலை ஆணி அமெரிக்காவில் 1930-களில் வந்த புதுமை என்பதால், அந்த ஒரு கீல் பிற்காலத்தில் யாரோ மாற்றியது என்று ஊகிக்கலாம். நூறு ஆண்டு என்று அடித்துச் சொல்ல எதுவும் இல்லை; நூற்றைம்பது என்பது வியாபாரப் பேச்சு. எனக்கு 1957-க்கு முந்தியது என்ற அளவே போதும்.

அதே கடையில், தேர்ச் சிற்பங்களைப்போல் தெரிந்த இரண்டு மரப்பலகைகளையும் காட்டி, ஷோகேஸ் நெற்றியில் பதித்தால் எடுப்பாக இருக்கும் என்றார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின்படி நூறு ஆண்டுக்குக் குறையாத சிற்பமும் கைவினைப் பொருளும் தொல்பொருளாகும். அவற்றை விற்பதற்கு உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கோயிலிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று தெரியாத பொருளைக் கூடத்தில் வைத்துக்கொண்டு விருந்தினருக்குக் காட்ட எனக்கு மனம் வராது.

மரத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சட்டங்களும் கதவுகளும் இழுப்பறை முகப்புகளும் தேக்கு. அடிப்பகுதியில் ஓரமாக இழைப்புளி பட்டதும் எண்ணெய்ப் பசையுள்ள அந்தத் தனி வாசனை வந்துவிட்டது. முதுகுப் பலகை மட்டும் மாம்பலகை. மாந்தோப்பு நிறைந்த ஊர்ப்பக்கத்தில், கண்ணில் படாத இடத்துக்கு மாம்பலகை போடுவது இயல்பான சிக்கனம். ஆனால் உளுவுக்கு மாமரம் என்றால் கொள்ளைப் பிரியம். குண்டூசித் தலையளவு ஓட்டைகளும், தட்டினால் மாவாகக் கொட்டும் தூளுமாகப் பலகை முழுவதும் சல்லடையாகியிருந்தது. தேக்கின் வைரம் பாய்ந்த பகுதியை உளு தொடவில்லை; ஓரத்தில் வெளுத்த மரம் சேர்ந்திருந்த இரண்டு இடங்களில் மட்டும் கொஞ்சம் தின்றிருந்தது. முதுகுப் பலகையை முழுவதும் கழற்றி எரித்துவிட்டு, இடித்த வீடு ஒன்றின் பழைய தேக்குக் கதவிலிருந்து அறுத்த பலகைகளைப் போட்டோம். உளுத்த இரண்டு ஓரங்களிலும், வண்ணம் நீங்கிய வெறும் மரத்தின்மேல், போரிக் அமிலமும் வெண்காரமும் வெந்நீரில் கரைத்துத் தூரிகையால் நன்றாக ஊறும்படி தடவினோம். வண்ணமோ மெழுகோ இருக்கும்போது தடவினால் அது உள்ளே இறங்காது; ஆகவே அந்த வேலையை எப்போது செய்வது என்பது முக்கியம்.

இனி பசை. பாலக்கோட்டுப் பக்கமிருந்து வந்து வேலை செய்த ஆசாரி எழுபதைக் கடந்தவர். அலமாரியைச் சாய்த்துவைத்து, ஆடிக்கொண்டிருந்த மூட்டுகளை விரலால் தட்டிப் பார்த்தவர், "ஏம்மா, இது வஜ்ஜிரம் போட்டது. பிரிச்சிரலாம், கவலப்படாத" என்றார். வஜ்ஜிரம் என்பது மாட்டுத்தோல், எலும்பு ஆகியவற்றைக் காய்ச்சி எடுத்த பசை. கட்டியாகக் கிடைக்கும், ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இளக்கி, சூட்டோடு தடவ வேண்டும். காய்ந்ததும் கல்லாக இறுகிவிடும். சூடும் ஈரமும் பட்டால் மறுபடி இளகும் என்பது அதன் குறையாகச் சொல்லப்படுவது. சீர்செய்பவருக்கு அதுவே அதன் பெருமை. அவர் துணியை வெந்நீரில் நனைத்து மூட்டைச் சுற்றிக் கட்டிவிட்டு டீ குடித்து வந்தார். பிறகு, விளிம்பு தேய்ந்த பழைய கத்தியை இடுக்கில் நுழைத்து, கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டினார். குடுமி, அதாவது துளைக்குள் செருகும்படி செதுக்கிய சட்டத்தின் முனை, துளையைவிட்டு ஒரு சிராய்கூடப் பிசகாமல் வெளியே வந்தது.

குடுமியின் கன்னத்தில் உளியால் வெட்டிய மூன்று சிறு கோடுகள் இருந்தன. அது நுழைந்திருந்த துளையின் ஓரத்திலும் அதே மூன்று கோடுகள். ஒவ்வொரு மூட்டுக்கும் ஒரு கோடு, இரண்டு கோடு, குறுக்குக்கோடு என்று செய்தவர் அடையாளம் வைத்திருக்கிறார். எந்தச் சட்டம் எந்தத் துளைக்கு உரியது என்பது அவருக்குப் பின் வருபவருக்கும் தெரியும். கையால் வெட்டிய மூட்டு என்பதால் ஒன்றின் குடுமி இன்னொன்றில் சரியாக உட்காராது. ஆசாரி அந்தக் கோடுகளைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு வேறு எதுவும் சொல்லாமல் அடுத்த மூட்டுக்குப் போய்விட்டார். நான்தான் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி சேர்க்கும்போது எந்தப் பசை என்ற பேச்சு வந்தது. இன்றைக்கு எல்லா மரப்பட்டறையிலும் இருப்பது வெள்ளைப் பசை. வலுவானது, சூடேற்ற வேண்டாம், நாற்றமில்லை. புதுச் சாமானுக்கு அதைவிட வசதியானது கிடையாது. ஆனால் ஒருமுறை இறுகிய மூட்டில், பழைய பசைத் தடத்தின் மேல் புதுப் பசை சரியாகப் பிடிக்காது. மரம் தெரியும்வரை சுரண்டியாக வேண்டும், சுரண்டச் சுரண்ட மூட்டு தொளதொளத்துப் போகும். வஜ்ஜிரமோ, புதிதாக ஊற்றும் சூடான பசை பழைய பசையையே இளக்கித் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். நான் இதை எப்படிச் சொல்வது என்று யோசிப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்: "வெள்ளப் பசையில ஒட்டுனா உன் காலத்துக்கு நிக்கும். அதுக்கப்புறம் யாராச்சும் பிரிச்சா மரம் பிஞ்சிதான் வரும். உன் பேரன் என்னத் திட்டுவான்." வஜ்ஜிரமே வாங்கிவரச் சொன்னேன். வீடு முழுக்க இரண்டு நாளைக்கு அந்த வாடை இருந்தது. அத்தை மொட்டை மாடிக்குக் குடிபெயராத குறை. சட்டங்களுக்கு நடுவே வரும் பலகைகளுக்கு மட்டும் எந்தப் பசையும் கிடையாது. அவை சட்டத்தின் காடிக்குள் சும்மா செருகி நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் மரம் அகலவாக்கில் சுருங்கும், ஐப்பசி மழையில் உப்பும்; அதற்கு இடம் விடாமல் ஒட்டிவிட்டால் பலகை நடுவே வெடிக்கும்.

வண்ணத்தை எடுப்பதில் அழகைவிட உடல்நலம் பெரிய விஷயம். வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய எனாமலில், அதிலும் அடர்பச்சை, மஞ்சள், சிவப்பு போன்ற நிறங்களில், ஈயம் இருக்கும் என்று கொள்வதே பாதுகாப்பு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு அது. ஆகவே மின்சார உராய்வு இயந்திரத்தால் உலர்ந்த வண்ணத்தைத் தூளாக்கிப் பறக்கவிடுவது, சூடேற்றி எரித்து எடுப்பது இரண்டும் கூடாது. நாங்கள் கொல்லையில் தார்ப்பாய் விரித்து, முகக்கவசம் போட்டு, ஈரப்படுத்திக்கொண்டே சுரண்டினோம். சில்லுகளைக் கூட்டாமல் ஈரத்துணியால் திரட்டி மூட்டை கட்டினோம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவில்லை. ஒரு வசதி எங்களுக்கு வாய்த்தது. அலமாரியின் மறைவான ஓரத்தில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை வைத்துப் பார்த்தபோது அடிப்பூச்சு பிசுபிசுவென்று இளகியது. அப்படி இளகினால் அது அரக்கு. ஸ்பிரிட்டுக்கு இளகாமல் தின்னருக்கு மட்டும் இளகினால் லேக்கர். இரண்டுக்கும் அசையாவிட்டால் பிற்காலத்து வார்னிஷ். அரக்கின் மேல் பூசிய எனாமலுக்குப் பிடிப்பு குறைவு என்பதால், வெடிப்புகளின் வழியே ஸ்பிரிட் இறங்கிய இடமெல்லாம் பச்சை வண்ணம் அப்பளத்தைப்போலப் பெயர்ந்து வந்தது.

அடுத்தது மேற்பூச்சு. பழைய சாமான்களின் கதி பெரும்பாலும் இங்கேதான் தீர்மானமாகிறது. நகரத்துப் பாலிஷ்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, உப்புத்தாள் போட்டு மரத்தைப் புதுசாக்கி, மெலமைன் அடித்தால் கண்ணாடிபோல் பளபளக்கும், தண்ணீர் கொட்டினாலும் ஒன்றும் ஆகாது என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஆனால் பழைய தேக்கின் மேற்பரப்பில் ஒளியும் காற்றும் கைபட்ட எண்ணெயும் சேர்ந்து உண்டாக்கிய அந்தப் பழுப்புத் தோல் மிக மெல்லியது. உப்புத்தாள் அதைத்தான் முதலில் தின்னும். தின்றபின் மீதியிருப்பது நேற்று அறுத்த மரத்தின் வெளிர் நிறம். மெலமைனோ வேதிவினையால் இறுகும் பூச்சு. கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது கடினம், முழுவதையும் தேய்த்தெடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் மரம் கொஞ்சம் கரையும். தினமும் சாம்பார் சிந்தும் சாப்பாட்டு மேசைக்கு நானும் மெலமைனையே சொல்வேன். பொருள்களை அடுக்கிவைத்துப் பார்க்கும் அலமாரிக்கு அந்தக் கவசம் எதற்கு?

ஆகவே அவலரக்கு. மரக்கிளைகளில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்திகரித்து, அவல்போல மெல்லிய செதில்களாக விற்கிறார்கள். இந்தியாவில் இது அதிகம் விளைவது ஜார்க்கண்டில். லிட்டர் ஸ்பிரிட்டுக்குச் சுமார் 200 கிராம் போட்டு ஓரிரவு ஊறவிட்டு வடிகட்டினால் பூச்சு தயார். பஞ்சை நைந்த பருத்தித் துணியில் பொட்டலமாகக் கட்டி, அதில் அரக்கை ஊறவைத்து, மெல்லிய படலம் படலமாக நீளவாக்கிலும் வட்டமாகவும் ஓட்ட வேண்டும். நடுவில் கையை நிறுத்தினால் துணி ஒட்டித் தடம் விழும். ஒரு படலத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஈரமில்லாத நாள் வேண்டும். மழை மூட்டத்தில் பூசினால் பாலாடை படிந்ததுபோல் வெளுத்துவிடும். கரைத்த அரக்கை மாதக்கணக்கில் வைத்திருந்து பூசினால் சரியாகக் காயாது. சூடான டம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும். இத்தனை நோஞ்சான் குணங்கள் இருந்தும் இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: எழுபது ஆண்டு கழித்தும் ஸ்பிரிட் நனைத்த பஞ்சு அதை இளக்கும். தழும்பு விழுந்த இடத்தில் மட்டும் பொட்டலத்தை ஓட்டினால் புதுப் படலம் பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். மேலே தேன்மெழுகை டர்பன்டைனில் இளக்கி லேசாகத் தேய்த்தோம். ஆளிவிதை எண்ணெய் தேய்க்கலாமே என்று சிலர் சொன்னார்கள். தேய்ப்பவர்கள், எண்ணெய் தோய்ந்த துணியைக் கசக்கி மூலையில் போடாமல் விரித்து உலர்த்த வேண்டும், கசக்கிப் போட்ட துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும்.

பித்தளைக் குமிழ்களையும் கீல்களையும் கழற்றியெடுத்த பிறகே புளி போட்டுத் துலக்கினேன், ஏனெனில் மரத்தில் இருக்கும்போது புளித்தண்ணீர் இறங்கினால் கறை பிடிக்கும். நட்சத்திர ஆணி போட்ட கீலை அப்படியே விட்டுவிட்டேன். நன்றாக வேலை செய்கிறது. உடைந்திருந்த ஒரு கண்ணாடிக்கு இன்றைய சமதளக் கண்ணாடியே போட்டோம், சிலிக்கான் பசை இல்லாமல், பழையபடி மரப்பட்டை வைத்துச் சிற்றாணியால் நிறுத்தி. பக்கத்தில் உள்ள நெளிவுக் கண்ணாடியோடு ஒப்பிட்டால் எது புதியது என்று தெரியும். தெரியட்டும். இழுப்பறையின் உட்புறத்தில் எந்தப் பூச்சும் இல்லை, பென்சில் கணக்கு இருக்கிறதே.

வைக்கும் இடத்தைப் பற்றியும் கொஞ்சம். மேற்கு வெயில் நேராக விழாத சுவர், சுவரிலிருந்து இரண்டு விரற்கடை இடைவெளி. கால்களுக்கு அடியில் கிருஷ்ணகிரி கிரானைட் பட்டறையில் கழிவாகக் கிடந்த நான்கு கருந்துண்டுகளை வைத்திருக்கிறோம். வீடு துடைக்கும் தண்ணீர் மரத்தைத் தொடாது, கரையான் மண்பாதை போட்டு ஏறினாலும் கல்லின் மேல் உடனே கண்ணில் படும். உச்சியில் பின்பக்கச் சட்டத்தையும் சுவரையும் ஒரு இரும்புப் பட்டையால் இணைத்தது பிள்ளைகள் கதவைப் பிடித்துத் தொங்கினால் சாயாமல் இருக்க; மரத்துக்கு ஒரே ஒரு திருகாணி. நாலடித் தட்டு நடுவில் தொய்ந்திருந்தது. ஒரே எடைக்கு, தாங்கும் இடைவெளி இரட்டித்தால் தொய்வு எட்டு மடங்காகும்; ஆகவே நடுவில் ஒட்டாமல் செருகிய ஒரு தாங்குகட்டை போதுமானதாக இருந்தது, தட்டைத் திருப்பிப் போட்டதும் வளைவும் மெல்லச் சரியாகி வருகிறது.

கூலியும் பொருளும் சேர்ந்து, வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. "புது பீரோ வர்ற காசுல பழச வாங்கி, அதுக்கு மேல இன்னொரு பீரோ காசு கொட்டியிருக்க" என்று அத்தை கணக்குப் போட்டார்கள், கணக்கு சரிதான். அடித்தட்டில் கனமான ஊறுகாய் ஜாடிகளும் பித்தளைச் செம்புகளும், நடுவில் அத்தையின் கொலுப் பொம்மைகளில் வண்ணம் உதிராதவையும், மேல்தட்டில் கணவரின் பழைய வால்வு ரேடியோவும் இருக்கின்றன. துடைப்பதற்கு உலர்ந்த பருத்தித் துணி. பளபளப்புக்கு என்று விற்கும் ஸ்பிரேக்களைக் கிட்டவே விடுவதில்லை, அவற்றில் பலவற்றில் சிலிக்கான் இருக்கும், அது மரத்தின் துளைகளில் இறங்கிவிட்டால் பிற்பாடு எந்தப் பூச்சும் சரியாகப் பிடிக்காமல் குழிகுழியாக விலகும். ஆண்டுக்கு ஒருமுறை மெழுகு போதும். கதவின் பூட்டுக்கு மட்டும் சாவி இல்லை. பூட்டைக் கழற்றாமல் சாவி வெட்டித் தருபவர் யாராவது தருமபுரியிலோ சேலத்திலோ இருந்தால் சொல்லுங்கள். இப்போதைக்குக் காகிதத்தை மடித்துச் செருகித்தான் கதவை மூடிவைத்திருக்கிறோம்.